கரும்பலகையில் ஒரு செப்பு ஆணி

நீங்கள் இப்போது பாடம் எடுக்கும் கடற்கரைப் பக்கத்துக் கட்டடத்தில், பதினோராம் வகுப்பில், பழைய கரும்பலகை ஒன்று இன்னும் இருக்கிறதாம். அதன் நடுவில் ஒரு ஓட்டை இருக்கும். கறையான் அரித்தது என்று உங்களில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். கறையான் மீது வீண்பழி வேண்டாம். அந்த ஓட்டைக்குக் காரணம் நான்.

புதிதாக நியமனம் பெற்று வந்திருக்கும் கணித ஆசிரியர்களுக்கு என் அனுபவத்தைப் பற்றி ஏதாவது எழுதித் தாருங்கள் என்று பாடசாலை அதிபர் கேட்டார். முதலில் என் சாதனைகளை எழுதத்தான் உட்கார்ந்தேன். அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது. ஆகவே ஓட்டையைப் பற்றி எழுதுகிறேன். அது கொஞ்சம் நீளம்.

நேர்கோட்டுச் சமன்பாட்டைப் படிப்பிக்கும்போது எல்லோரும் மலையில் தொடங்குவார்கள். பாடப் புத்தகத்திலும் மலைதான். கற்பிட்டிப் பக்கத்துப் பிள்ளைக்கு மலை என்பது கலண்டரில் பார்த்த படம். இங்கே உயரமான இடம் என்றால் மணல்மேடு. அதுவும் கச்சான் காற்று வீசினால் அடுத்த மாதம் வேறு இடத்தில் இருக்கும். ஆனாலும் நான் பலகையில் மலையை வரைந்து, ஏறினால் படித்திறன், அதாவது சரிவு, நேர்; இறங்கினால் படித்திறன் மறை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு பிள்ளை எழும்பி, இந்தப் பக்கத்தால் ஒருவரும் அந்தப் பக்கத்தால் ஒருவரும் ஏறினால் இரண்டு பேருக்கும் நேர்தானா என்று கேட்டது. நல்ல கேள்வி. இதையெல்லாம் உயர்தர வகுப்பில் படிப்பீர்கள் என்று சொல்லி உட்கார வைத்தேன். பதில் தெரியாத எல்லாவற்றையும் உயர்தரத்துக்கு அனுப்பி வைப்பது அந்தக் காலத்தில் என் வழக்கம்.

யுத்தம் முடிந்த அடுத்த வருடம் மலையைக் கைவிட்டு, கோடு கீறும் அடிமட்டத்துக்கு மாறினேன். படகு செய்யும் ஓடாவி ஒருவர் மிஞ்சிய பலகையில் நாலடி நீளத்துக்கு அடிமட்டம் ஒன்று செய்து தந்தார். அதைப் பலகையில் சரித்துப் பிடித்தால் படித்திறன் கண்ணுக்குத் தெரியும் என்பது என் திட்டம். ஆனால் எங்கள் வகுப்பறைக்கு இடுப்பளவுதான் சுவர். ஆடி மாதக் காற்று உள்ளே வந்து அடிமட்டத்தைப் பிடுங்கும். ஒரு நாள் அது என் கையை விட்டுப் போய், திரும்பி வந்து என் மூக்குக் கண்ணாடியை உடைத்தது. பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததை நான் பார்க்கவில்லை, கண்ணாடி இல்லையே. சத்தம் மட்டும் கேட்டது.

மறுநாள் ஓடாவியிடம் போய்ப் படகுக்கு அடிக்கும் செப்பு ஆணி ஒன்று வாங்கினேன். உப்புக் காற்றிலும் துருப்பிடிக்காது. கரும்பலகையில் இரண்டு அச்சுகளையும் பெயின்ட்டால் நிரந்தரமாக வரைந்தேன். அவை வெட்டுகிற புள்ளியில், அதாவது பூச்சியத்தில், ஆணியை அடித்தேன். அடிமட்டத்தின் நடுவில் துளை போட்டு ஆணியில் மாட்டினேன். இனி எந்தக் காற்றும் அதைக் கொண்டுபோகாது. ஒரு விரலால் தட்டினால் சரியும், நிமிரும். படித்திறன் ஒன்று, இரண்டு, மறை ஒன்று. பிள்ளைகள் கை தட்டினார்கள். எனக்கு அன்று இரண்டு அங்குலம் உயரம் கூடியது.

கவனமாகக் கேளுங்கள், பிழை இங்கேதான் ஆரம்பிக்கிறது. y = mx + c என்ற சமன்பாட்டில் m என்பது கோடு எவ்வளவு சரிகிறது என்பது. c என்பது அது நிலைக்குத்து அச்சை எந்த இடத்தில் வெட்டுகிறது என்பது. என் அடிமட்டம் சரியும். ஆனால் இடம் மாறாது, ஆணியில் அல்லவா மாட்டியிருக்கிறது. c மூன்று என்று வந்தால் அடிமட்டத்தைக் கழற்றி மூன்றுக்கு மேலே தூக்கிப் பிடிக்க வேண்டும். காற்றில் அதைச் செய்ய எனக்குப் பஞ்சி, வெறும் சோம்பல். ஆகவே ஆணிக்குப் பக்கத்தில் வெண்கட்டியால் எழுதியிருந்த பூச்சியத்தை அழித்துவிட்டு மூன்று என்று எழுதுவேன். “இன்றைக்கு ஆணி மூன்று” என்பேன். அப்படியே கிடை அச்சையும் கீழே இறக்கி வரைந்திருந்தால் கணக்கு பிழையாகியிருக்காது. அச்சு பெயின்ட்டில் இருந்தது. பெயின்ட்டை யார் அழிப்பது?

அட்டவணை போட்டு, புள்ளி குறித்து, கோடு கீறும் பழைய முறையையும் சின்னப் பிள்ளைகளின் வேலை என்று சொல்லி நிறுத்திவிட்டேன். அதை மட்டும் விட்டு வைத்திருந்தால் பிள்ளைகளே என் பிழையைக் கண்டுபிடித்திருப்பார்கள்.

ஆறு வருடம் ஆணி பலகையில் இருந்தது. பரீட்சையில் வரைபுக் கேள்விக்குப் புள்ளி குறைந்தால், தேர்ச்சி அறிக்கையில் ‘கவனக்குறைவு’ என்று எழுதுவேன். அழகான சொல். ஆசிரியருக்கு அதில் பங்கே இல்லை. இதற்கிடையில் என் ஆணியின் புகழ் பரவி, புத்தளத்தில் நடக்கவிருந்த ஆசிரியர் செயலமர்வில் அதைச் செய்து காட்டும்படி கல்விப் பணிமனையிலிருந்து கடிதமும் வந்தது. பேச்சை எழுதி, வீட்டுக் கண்ணாடிக்கு முன்னால் நின்று இரண்டு தரம் பேசியும் பார்த்தேன்.

அந்த நேரத்தில்தான் இரண்டாம் தவணைப் பொதுப் பரீட்சை வந்தது. விடைத்தாள்கள் வேறு பாடசாலைக்குப் போய்த் திருத்தப்படும். எங்கள் பிள்ளைகள் பரீட்சை எழுதிய மண்டபத்தில் மேற்பார்வைக்கு இருந்தவர் மிஸ்ரியா டீச்சர்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒன்பது வருடமாக எங்கள் பாடசாலையில் தொண்டர் ஆசிரியை. ஆறாம், ஏழாம் வகுப்புகளுக்குக் கணிதம் எடுத்தார். தொண்ணூறில் மன்னாரிலிருந்து முஸ்லிம்களைத் துரத்தியபோது வந்த குடும்பம்; வரும்போது அவருக்கு மூன்று வயது. யுத்தம் முடிந்ததும் வாப்பாவும் உம்மாவும் ஊருக்குத் திரும்பிப் போய்க் காட்டை வெட்டிக் குடிசை போட்டார்கள். இவர் மட்டும் இங்கே மாமி வீட்டில் தங்கிவிட்டார். தொண்டர்களை நிரந்தரமாக்கும் பட்டியலில் பெயர் வந்திருந்தது. நேர்முகமும் நியமனக் கடிதமும்தான் பாக்கி. இடையில் விட்டுப் போனால் ஒன்பது வருடமும் கணக்கில் வராது.

தவணை முடியும் நேரம் பணிமனையிலிருந்து ஒரு உறை வந்தது. y = 2x − 3 என்ற கோட்டை வரையச் சொல்லிய கேள்விக்கு எங்கள் பிள்ளைகள் இருபத்தேழு பேரும் ஒரே பிழையை விட்டிருந்தார்கள். இந்த முறை வினாத்தாளிலேயே அச்சும் எண்களும் அச்சடித்த வரைபுத்தாள் இருந்தது. இருபத்தேழு பேரும் பூச்சியத்தின் ஊடாகவே கோட்டைக் கீறி, அச்சடித்த பூச்சியத்தை வெட்டிவிட்டுப் பக்கத்தில் −3 என்று எழுதியிருந்தார்கள். இப்படி ஒரு பிழையைத் தன் வாழ்நாளில் கண்டதில்லை என்றும், மண்டபத்தில் யாரோ விடை சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்றும் திருத்தியவர் எழுதியிருந்தார். மேற்பார்வையாளரிடம் விளக்கம் கேட்கப்பட்டிருந்தது. விளக்கம் திருப்தி இல்லையென்றால் பட்டியலிலிருந்து பெயர் எடுபடும்.

அதிபர் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். மிஸ்ரியா டீச்சர், தான் வாயே திறக்கவில்லை என்று சொன்னார். அதிபர் என்னைப் பார்த்து, நீங்கள்தானே கணிதம், உங்கள் அபிப்பிராயம் என்ன என்று கேட்டார்.

நான் ஒரு விடைத்தாளின் பிரதியை எடுத்துப் பார்த்தேன். வெட்கக்கேடான கோடு. பூச்சியம் எப்படி மறை மூன்றாகும்? எனக்குக் கோபம் வந்தது. செயலமர்வுக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருந்தது என்பதும் அந்தக் கோபத்தில் இருந்தது. இருபத்தேழு பேர் ஒரே பிழையை விட வேண்டுமென்றால் யாராவது ஒருவர் அவர்களுக்குச் சொல்லியிருக்கத்தான் வேண்டும் என்றேன். என் தர்க்கத்தைக் கவனியுங்கள், அதில் ஒரு குறையும் இல்லை. ஆளைத்தான் பிழையாகப் பிடித்தேன்.

‘இது நான் கற்பித்த முறை அல்ல. மாணவர்கள் தாமாக இவ்வாறு எழுதியிருக்க வாய்ப்பில்லை’ என்று கடிதம் எழுதி, கீழே நீட்டி நெளித்துக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். பியோன் அன்றே அதைக் கொண்டுபோனார்.

விறாந்தையில் மிஸ்ரியா டீச்சர் என்னைக் காத்துக்கொண்டு நின்றார். அழவில்லை.

“சேர், புள்ளையள்ட்ட ஒருக்கா கேட்டுப் பாத்தீங்களா?”

“கேக்க என்ன இரிக்கி” என்று சொல்லிவிட்டு நடந்தேன். அந்த நடையை இப்போது நினைத்தாலும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

மறுநாள் முதலாம் பாடம் பதினோராம் வகுப்பில். பிள்ளைகளின் வாயால் உண்மையை வரவழைக்க வேண்டும் என்று பொலிஸ்காரனைப் போல உள்ளே போனேன். முன்வரிசையில் இருந்த சுமையாவைக் கூப்பிட்டேன். வகுப்பில் கெட்டிக்காரி, பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. y = 2x − 3 ஐப் பலகையில் கீறு என்றேன்.

சுமையா அடிமட்டத்தை எடுத்தாள். துளையை ஆணியில் மாட்டினாள். படித்திறன் இரண்டு வரும்வரை விரலால் தட்டிச் சரித்தாள். அதில் ஒரு பிழையும் இல்லை. கோட்டைக் கீறினாள். பிறகு ஆணிக்குப் பக்கத்தில் இருந்த பூச்சியத்தை விரலாலே அழித்துவிட்டு, வடிவான எழுத்தில் −3 என்று எழுதி, வெண்கட்டித் தூளைச் சட்டையில் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். மற்ற இருபத்தாறு பேரும் சரி என்று தலையாட்டினார்கள்.

நான் அச்சில் கீழே, மறை மூன்று இருந்த இடத்தைத் தொட்டுக் காட்டினேன். கோடு இங்கேயல்லவா வெட்ட வேண்டும், இங்கே ஏன் போடவில்லை என்று கேட்டேன்.

“ஆணி அங்க இல்லியே சேர்” என்றாள்.

அவள் கேலி செய்யவில்லை. உண்மையாகவே ஆணி அங்கே இல்லை. அந்தக் கணத்தில் எனக்கு எல்லாம் விளங்கியது. இருபத்தைந்து வருடம் கணிதம் படிப்பித்தவனுக்கு c என்ற வெட்டுத்துண்டு என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் சரியாக விளங்கியது என்றும் சொல்லலாம். கதிரையில் உட்கார்ந்தேன். பிள்ளைகளுக்கு என்ன சொன்னேன் என்று நினைவில்லை. புத்தகத்தை வாசியுங்கள் என்று சொல்லியிருப்பேன்.

இடைவேளையில் குறடு கொண்டுவந்து ஆணியைப் பிடுங்கினேன். ஏன் பிடுங்கினேன் என்பதை உங்களுக்கு மறைக்க மாட்டேன். பிழையைத் திருத்த அல்ல. ஒளிக்கத்தான் பிடுங்கினேன். ஆணி இல்லையென்றால் சாட்சியும் இல்லை. சுமையா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப இனி எங்க வெக்கிற சேர்?” என்று கேட்டாள்.

இந்தக் கேள்வியை உயர்தரத்துக்கு அனுப்ப முடியவில்லை. ஆணியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அதிபரிடம் அரைநாள் லீவு கேட்டேன்.

கற்பிட்டி பஸ் பாலாவிச் சந்திக்கு வந்ததும் இறங்கினேன். அங்கேயிருந்து வடக்கே போனால் புத்தளம், பணிமனை. தெற்கே போனால் மதுரங்குளி, அதைத் தாண்டிக் கனமூலையில் என் வீடு. தேத்தண்ணிக் கடையில் ஒரு பிளேன்டீ குடித்தேன். புத்தளம் பஸ் ஒன்று போனது. கடிதம் போய்ச் சேர்ந்துவிட்டது, இனி நடப்பது பணிமனையின் தீர்ப்பு, என்னுடையது அல்ல என்று எனக்கு நானே சொன்னேன். இரண்டாவது புத்தளம் பஸ்ஸும் போனது. ஓய்வுபெற இன்னும் இரண்டு வருடம்தான், இந்த வயதில் செயலமர்வுக்கு வரும் நாற்பது ஆசிரியர்களுக்கு முன்னால் ஏன் தலைகுனிய வேண்டும் என்றும் சொன்னேன். இவ்வளவு நல்ல நியாயங்கள் எனக்கு வகுப்பில் ஒருபோதும் வந்ததில்லை.

அப்போது மதுரங்குளி பஸ் வந்தது. ஏறுவதற்குக் கம்பியைப் பிடித்தேன். பையில் இருந்த ஆணி நெஞ்சில் நன்றாகக் குத்தியது. அல்லாஹ் எனக்குச் சாடை காட்டினான் என்று உங்களுக்குச் சொன்னால் கதை அழகாக இருக்கும். உண்மை என்னவென்றால் பஸ்ஸில் சனம் நெருக்கியது. ஆனால் அந்தக் குத்தில் மிஸ்ரியா டீச்சர் அழாமல் நின்ற நிற்பு ஞாபகம் வந்தது. ஒன்பது வருடம் படிப்பித்து, தாய் தகப்பனையும் விட்டு இருந்தவரின் பெயரை நான் ஐந்து நிமிடத்தில், பிள்ளைகளிடம் ஒரு சொல் கேட்காமல், வெட்டிவிட்டேன். வெட்கம் தாங்க முடியவில்லை. இறங்கி, ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்றேன்.

பணிமனையில் கணிதத்துக்குப் பொறுப்பாக ஒரு மெடம் இருந்தார். சிலாபத்துக்காரர், நரைத்த தலை, அதிகம் பேச மாட்டார். மேசையில் ஆணியை வைத்து முழுக் கதையையும் சொன்னேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அவர் சிரிக்கவில்லை. இந்த ஆணி எத்தனை வருடமாக இருக்கிறது என்று கேட்டார். ஆறு என்றேன்.

“அப்ப மத்த அஞ்சு வருசத்துப் பிள்ளையளும் இப்பிடித்தானே கீறியிருப்பாங்க, சேர்?”

நான் அதுவரை அதை நினைக்கவில்லை. அந்த ஐந்து வகுப்புகளும் பரீட்சை எழுதி முடித்துப் போய்விட்டன. சிலர் கணிதத்தில் தவறி, மீன்வாடிக்கும் உப்பளத்துக்கும் வேலைக்குப் போனார்கள். அவர்களின் அறிக்கைகளில் என் கையெழுத்தில் ‘கவனக்குறைவு’ என்று இருக்கிறது. அது யாருடைய கவனக்குறைவு என்று அன்றுதான் தெரிந்தது. அந்த அறிக்கைகளைத் திரும்ப வாங்க ஒரு வழியும் இல்லை. இதுவரை உங்களைச் சிரிக்க வைக்கத்தான் எழுதிக்கொண்டு வந்தேன். இந்த இடத்தில் எனக்கே சிரிப்பு வரவில்லை.

மெடம் ஒரு வெள்ளைத்தாளைத் தந்து, முதல் கடிதம் பைல் கோவையில் ஏறிவிட்டது, அதைக் கிழிக்க முடியாது, இன்னொன்று எழுதுங்கள் என்றார். நான் அச்சு, ஆள்கூறு, இடப்பெயர்ச்சி என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

“இதப் பாக்கிற பெரியவருக்குக் கணக்குத் தெரியாது. அவருக்கும் விளங்கிற மாதிரி எழுதுங்க.”

இரண்டாவதும் திரும்பி வந்தது. அதில் காற்றைப் பற்றி அதிகமாக எழுதியிருந்தேன். மூன்றாவது தரம் இப்படி எழுதினேன்: ‘இருபத்தேழு மாணவர்களும் ஒருவரைப் பார்த்தே எழுதினார்கள் என்பது உண்மை. அந்த ஒருவர் நான். கரும்பலகையில் ஆறு வருடமாக நான் செய்து காட்டிய பிழையைத்தான் அவர்கள் எழுதியிருக்கிறார்கள். மண்டபத்தில் இருந்த ஆசிரியை எதுவும் சொல்லவில்லை. எனது முதலாவது கடிதம் பொய்.’ பொய் என்ற சொல்லுக்குப் பதிலாகத் தவறு என்று போடலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். மெடம் என் பேனையையே பார்த்துக்கொண்டிருந்தார். பொய் என்றே விட்டேன். நீட்டாமல் நெளிக்காமல் போட்டதில் கையெழுத்து என்னுடையது மாதிரியே இல்லை.

ஆணியை எப்படிக் கோவையில் போடுவது என்று கிளாக்கருக்குப் பிரச்சினை வந்தது. கடைசியில் கடிதத்தின் ஓரத்தில் டேப் ஒட்டி அதைச் சேர்த்துக்கொண்டார். பணிமனைக் கோவை ஒன்றில் அது இன்னும் இருக்கக்கூடும்.

செயலமர்வு ரத்தாகவில்லை. மெடம் விடவில்லை, வந்து இதையே செய்து காட்டுங்கள் என்றார். நாற்பது பேருக்கு முன்னால், பிழையாகப் படிப்பிப்பது எப்படி என்று நாற்பது நிமிடம் விளக்கினேன். கைதட்டு முன்பு எதிர்பார்த்ததைவிடக் குறைவு. தேத்தண்ணி நேரத்தில் இரண்டு பேர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தங்கள் பாடசாலைகளிலும் அதே ஆணி இருப்பதாக மெதுவாகச் சொன்னார்கள்.

பதினோராம் வகுப்பின் சாதாரணதர இறுதிப் பரீட்சைக்கு இருந்தது மூன்று மாதம். மிஸ்ரியா டீச்சரிடம் உதவி கேட்டுப் போனேன். மன்னிப்பும் கேட்டேன். அவர் மன்னிப்பைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், எந்த நாள், எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டார். சனிக்கிழமைகளில் வந்தார். அடிமட்டத்தின் இரண்டு முனைகளையும் இரண்டு பிள்ளைகள் பிடித்தார்கள். காற்று அதோடு தோற்றது. இவ்வளவு இலகுவான வழி எனக்கு ஆறு வருடமாகத் தோன்றவில்லை. முதலில் கோடு அச்சை எங்கே வெட்டுகிறது என்று பார்த்துப் புள்ளி வை, அடிமட்டத்தை அப்புறம் எடு என்று திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தார். நான் பின்வரிசை வாங்கில் இருந்து கேட்டேன்.

பரீட்சை முடிந்த அன்று வாசலில் நின்று சுமையாவிடம் வரைபுக் கேள்வி எப்படி என்று கேட்டேன். சரியாகத்தான் செய்தேன் சேர், ஆனால் கை மட்டும் ஆணியைத் தேடியது என்றாள்.

தம்பிமாரே, தங்கைமாரே, நான் உங்களுக்குச் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். ஒரு வகுப்பு முழுவதும் ஒரே பிழையை விட்டால் முதலில் உங்கள் பலகையைப் பாருங்கள். பிள்ளையிடம் கேளுங்கள், கேட்ட பிறகு கடிதம் எழுதுங்கள்.

மிஸ்ரியா டீச்சருக்கு நியமனக் கடிதம் அடுத்த வருடம் வந்தது. மன்னாரிலிருந்து வாப்பாவும் உம்மாவும் வந்திருந்தார்கள். உம்மா கிண்டிய தொதல் என்ற இனிப்பை டீச்சர் தட்டில் அடுக்கி, ஆசிரியர் அறையில் ஒவ்வொருவராகக் கொடுத்துக்கொண்டு வந்தார். என் மேசைக்குக் கடைசியாகத்தான் வந்தார். நான் எழும்பி நின்று, சந்தோஷம் டீச்சர் என்றேன். தட்டை நீட்டினார்.

“நேர்முகம் நடந்த அண்டைக்கு கோவையக் காட்டினாங்க. ஒங்கட ரெண்டு கடிதத்தையும் வாசிச்சன் சேர்” என்றார். “மொதலாவதுலதான் கையெழுத்து வடிவா இருந்திச்சி.”

நான் இரண்டு துண்டு தொதல் எடுத்துக்கொண்டேன். கையெழுத்தை அன்றிலிருந்து சின்னதாகத்தான் போடுகிறேன்.